ஐஸ்கட்டியும் ஒரு ரோலும்

1984-ல் மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். எட்டு மாதம் கழித்துத்தான் கேமராவைக் கையில் கொடுத்தார்கள். அதுவரை எனக்கிருந்த முக்கிய வேலை ஐஸ் வாங்கி வருவது.

சிரிக்க வேண்டாம். பிலிம் கழுவுகிற டெவலப்பர் இருபது டிகிரியில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. சித்திரை மாதம் மதுரையில் குழாயைத் திறந்தால் முப்பதுக்குக் குறைந்து வராது. அந்தச் சூட்டில் பிலிம் மேலிருக்கும் ஜெலட்டின் ஊறிக் கொழகொழத்துவிடும். தெரியாமல் விரல் பட்டால் கல்யாணப் பெண்ணின் முகம் நகத்தோடு வந்துவிடும். அதனால் தொட்டியில் ஐஸை உடைத்துப் போட்டு, நடுவில் டெவலப்பர் ஜாடியை நிறுத்தி, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். போதாக்குறைக்கு, ஜெலட்டினை இறுக்க குரோம் ஆலம் வேறு. ஐஸ் வண்டி வராத நாளில் முதலாளி இரவு இரண்டு மணிக்கு எழுந்து கழுவுவார். தண்ணீர் கொஞ்சமாவது ஆறியிருக்குமே!

ஐஸுக்கு அடுத்து, பிம்பத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ, அதற்கு அடுத்து என்லார்ஜர், பிறகு கல்யாண வீட்டில் பிளாஷைத் தூக்கிப் பிடிப்பது. இடையில் டச்சிங். நெகட்டிவில் ஊசி போல் சீவிய பென்சிலால் பருவையும் அம்மைத் தழும்பையும் மறைப்பது பெரிய வித்தை. கேட்காமலே எல்லாரையும் சிவப்பாக்கிவிடுவோம் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் கடைப் படங்களைப் பார்த்தால் அந்தக் கால மதுரையில் கருப்பு நிறத்து ஆளே இல்லை என்று தோன்றும்.

இப்படி இருட்டறை வழியாகத்தான் நாங்கள் கேமராவுக்கு வந்தோம். நெகட்டிவ் எப்படிக் கெடும் என்பது தெரிந்த பிறகுதான் படம் எடுக்கவே விட்டார்கள்.

கேமரா, யாஷிகா மேட் 124ஜி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் படம் பிடிக்க. வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். ஓரத்தில் நிற்கிற மாப்பிள்ளையை நடுவுக்குக் கொண்டுவரக் கேமராவை அவர் தெரிகிற பக்கம் திருப்பினால் இன்னும் ஓரத்துக்கு ஓடுவார். பிலிம் போடாமல் ஒரு மாதம், தெருவில் போகிற ரிக்‌ஷாவையெல்லாம் கண்ணாடியில் துரத்திப் பழகினேன்.

ரோலுக்குப் பன்னிரண்டே படம். கெட்டிமேளம் கேட்கும்போது எத்தனை மிச்சமிருக்கிறது என்பதுதான் பாடம். ஒன்றுதான் மிச்சமென்றால் அதை வீணாக எதிலாவது தட்டிவிட்டுப் புது ரோல் மாற்றிக்கொள்வோம். முடிந்த ரோலைச் சுற்றி, முனைக் காகிதத்தை நாக்கில் தொட்டு ஒட்ட வேண்டும். முகூர்த்த நாட்களில் வாயெல்லாம் பசை ருசி.

அந்த யாஷிகாவுக்குள் வெளிச்சம் அளக்கும் மீட்டர் இருந்தது. அதற்கான பாதரச பேட்டரிதான் இல்லை. முதலாளி வாய்ப்பாடாகச் சொல்லிக்கொடுத்தார். நூறு ஏஎஸ்ஏ பிலிம், ஷட்டர் நூற்றிருபத்தைந்து. உறைக்கிற வெயிலுக்கு அப்பர்ச்சர் பதினாறு, மங்கின வெயிலுக்குப் பதினொண்ணு, மேகத்துக்கு எட்டு, திண்ணை நிழலுக்கு நாலு. "வானத்தைப் பார்க்காதடா, தரையில நெழலப் பாரு. ஓரம் கத்தியா வெட்டுனா பதினாறு" என்பார்.

பழகுவதற்கு 'இந்து' ரோல். ஊட்டியில் 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு ஆலையின் சரக்கு. 1967-ல் உற்பத்தி ஆரம்பித்தது. தமிழில் இந்து என்றால் நிலா. வெள்ளி உப்பு பூசிய பிலிமுக்கு அதைவிட நல்ல பெயர் வைக்க முடியாது. கலர் பிலிம் வந்த வேகத்தில் பின்தங்கி, டிஜிட்டலில் மூச்சு நின்று, ஆலையையே மூடிவிட்டார்கள். கலர் லேப் வந்ததும் எங்கள் ஐஸ் தொட்டிக்கும் வேலை போனது. கலர் நெகட்டிவ் கழுவ முப்பத்தெட்டு டிகிரி சூடு வேண்டும். மதுரைக்கென்றே கண்டுபிடித்தது போல!

இப்போது என் தங்கை மகள் பிலிம் கேமரா கற்றுக்கொள்கிறாள். நான் வேலை பார்த்த கடையில் இருட்டறைக்குள் ஒரு பெண் வந்து நான் பார்த்ததில்லை. 'இது பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு' என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றாத காலம் அது. இவள் யாரையும் கேட்கவில்லை. ஆன்லைனில் ஒரு பழைய பென்டாக்ஸ் கே1000 வாங்கினாள். 1976-லிருந்து 1997 வரை தயாரான கேமரா. பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான்; செத்துப்போனாலும் ஷட்டர் அடிக்கும். பின்கதவைத் திறந்தால், வெளிச்சம் புகாமல் அடைத்திருந்த பஞ்சு உருகித் தார் மாதிரி ஒட்டியது. அதை அவளே சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்டினாள், யூடியூபைப் பார்த்து. எங்களுக்கு எட்டு மாதம் ஆனது அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

முதல் ரோலோடு திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனோம். 1858-ல் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் இதே மகாலை மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவில் எடுத்தார். ஒரு படத்துக்கு நிமிஷக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டியிருந்த முறை அது. அப்போது மகால் பாதி இடிந்து கிடந்தது. செப்பனிட்டது அதற்குப் பிறகு, நேப்பியர் பிரபு காலத்தில்.

வெளிறிய தூணை நோக்கிக் கேமராவைத் தூக்கினாள். "முள்ளு நடுவுல நிக்குது மாமா."

"நிக்கட்டும். ஒரு ஸ்டாப் திற."

"மீட்டர் சரின்னு காட்டுதே?"

மீட்டருக்கு எல்லாமே சாம்பல்தான். வெள்ளைத் தூணைக் காட்டினாலும் சாம்பலாக்கிவிட்டுச் சரி என்று சொல்லும். கருங்கல் தூணைக் காட்டினாலும் அப்படியே. சொன்னதும் பிடித்துக்கொண்டாள். ஆனால் ஒன்றைச் சொல்ல நான் மறந்துவிட்டேன். லீவரை இழுக்கும்போது இடப்பக்கம் ரீவைண்ட் குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் கடையில் அதைப் பார்க்காதவனுக்கு முதுகில் விழும்.

ஆயிரம் ரூபாயை ஒட்டின ரோல். கூரியரில் வெளியூர் லேபுக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பியது. செம்மண் நிறத்தில் மொட்டைப் பிலிம். ஓரத்தில் ஒன்று முதல் முப்பத்தாறு வரை எண் மட்டும் இருந்தது. பிலிம் முனை ஸ்பூலில் சிக்கவே இல்லை. முப்பத்தாறு தடவையும் வெறும் ஷட்டர்தான் அடித்திருக்கிறாள்.

நெகட்டிவைத் திருப்பி அனுப்பச் சொன்னதே நான்தான். "ஸ்கேன் மெயில்ல வந்துரும், நெகட்டிவ் எதுக்கு மாமா?" என்று முதலில் கேட்டாள். அவள் கூட்டாளிகள் பலர் திரும்ப வாங்குவதே இல்லையாம். எங்கள் முதலாளி பிரிண்டைக் கொடுத்துவிட்டு நெகட்டிவை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டுவார். மறுபிரதி வேண்டுமென்றால் அவரிடம்தானே வர வேண்டும்? அவர் காலமான பிறகு அந்த பீரோ மொத்தமும் எடைக்குப் போனது. யாருக்கும் நெகட்டிவ் இல்லாமல் போவதில் மட்டும் இரண்டு காலமும் ஒன்று.

மொட்டைப் பிலிமை அவள் தூக்கிப் போடவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு டேங்க் ரீலில் அதைச் சுற்றிப் பழகினாள். இருபது தடவை மடங்கியது. இருபத்தொன்றாவதில் வழுக்கிக்கொண்டு போனது. அடுத்து கருப்பு வெள்ளை ரோல், இல்ஃபோர்ட் எச்பி5. வீட்டிலேயே கழுவுவதாக முடிவு. டி-76 டெவலப்பரில் இருபது டிகிரிக்கு ஏழரை நிமிஷம்.

குளியலறை ஜன்னலில் போர்வையை அடித்தோம். பக்கெட்டில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தாள்.

"முப்பத்திமூணு மாமா."

செருப்பை மாட்டிக்கொண்டு ஐஸ் வாங்கக் கிளம்பினேன்.