கேள்வி நேரமும் சீனி வரியும்

நாட்டின் பொருளைப் பற்றித் திருவள்ளுவர் 'இறைமாட்சி' அதிகாரத்தில் பேசுகிறார். பொருளை ஈட்டுவதும் காப்பதும் முறையாக வகுத்தளிப்பதும் அரசின் திறம் என்கிறார். நோயைப் பற்றி 'மருந்து' அதிகாரத்தில் பேசுகிறார். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தே தீர்க்க வேண்டும் என்கிறார். இவ்விரு அதிகாரங்களும் பொருட்பாலில்தான் இடம்பெற்றுள்ளன. நம் நாட்டில் முதலாவது நிதியமைச்சின் பொறுப்பு. இரண்டாவது சுகாதார அமைச்சின் பொறுப்பு. இரண்டையும் சேர்த்துக் கேள்வி கேட்கக்கூடிய இடம் நாடாளுமன்றம். அங்கு எதைக் கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும் என்பதைச் சீனி வரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

கேட்கும் உரிமை

கூட்டரசு அரசியலமைப்பின் 96-ஆவது பிரிவு, சட்டத்தின் அதிகாரமின்றிக் கூட்டரசு எந்த வரியும் விதிக்கக்கூடாது என்கிறது. சட்டத்தை இயற்றுவது நாடாளுமன்றம். ஆகவே, வரியைப் பற்றிக் கேட்பது மக்களவையின் 222 உறுப்பினர்களுக்கும் உள்ள அடிப்படை உரிமை.

உறுப்பினர்கள் தங்கள் கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கின்றனர். சிலவற்றுக்கு அவையில் வாய்மொழியாகப் பதில் கிடைக்கும். சிலவற்றுக்கு எழுத்துமூலமாகக் கிடைக்கும். வாய்மொழிப் பதிலில் நிறைவு இல்லையென்றால் துணைக்கேள்வி கேட்கலாம். இவை அனைத்தும் 'ஹன்சார்ட்' எனப்படும் அதிகாரப்பூர்வ அறிக்கையில் பதிவாகின்றன.

சீனி வரியில் இக்கேள்விகளுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இது 1976-ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின்கீழ் வரும் வரி. இதன் விகிதத்தை அமைச்சர் ஆணை வழியாகவே மாற்றலாம்; ஒவ்வொரு முறையும் புதிய சட்டம் தேவையில்லை. எனவே, உறுப்பினர்கள் கேட்காவிட்டால் அவையில் விவாதம் எழாமலேயே விகிதம் மாறிவிடக்கூடும்.

வரி எப்படி வேலை செய்கிறது?

2018 நவம்பர் 2-ஆம் நாள் வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்த அப்போதைய நிதியமைச்சர் லிம் குவான் எங் இவ்வரியை அறிவித்தார். 2019 ஏப்ரலில் தொடங்க வேண்டியது ஜூலை 1-க்குத் தள்ளிப்போனது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானத்துக்கு லிட்டருக்கு 40 சென் என்று விதிக்கப்பட்டது. பழச்சாறு, காய்கறிச் சாறு ஆகியவற்றுக்கு எல்லை 12 கிராம். 2024 ஜனவரியில் விகிதம் 50 சென்னாகவும், 2025 ஜனவரியில் 90 சென்னாகவும் உயர்ந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 320 மில்லிலிட்டர் டின் பானம் ஒன்றில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி இருப்பதாகக் கொள்வோம். அந்த டின்னில் 32 கிராம் சீனி, அதாவது ஆறு தேக்கரண்டிக்கும் மேல். 2019-இல் அதன்மீது விழுந்த வரி ஏறக்குறைய 13 சென். 2025-இல் 29 சென்.

இங்கே முதல் கேள்வி பிறக்கிறது. 5.1 கிராம் சீனி உள்ள பானத்துக்கும் 12 கிராம் உள்ள பானத்துக்கும் ஏன் ஒரே வரி? பிரிட்டன் 2018 ஏப்ரலில் தொடங்கிய வரியில் 5 கிராமுக்கு ஒரு விகிதம், 8 கிராமுக்கு அதைவிடக் கூடிய விகிதம் என இரண்டு படிகளை வைத்தது.

இரண்டாவது கேள்வி இன்னும் சுவையானது. 2018 செப்டம்பர் 1-ஆம் நாள் கட்டுப்பாட்டு விலையில் விற்கப்படும் ஒரு கிலோ சீனியின் விலை 2.95 ரிங்கிட்டிலிருந்து 2.85 ரிங்கிட்டாகக் குறைக்கப்பட்டது. இரண்டே மாதத்தில் சீனி பானத்துக்கு வரி அறிவிக்கப்பட்டது. ஒரு கை சீனியை மலிவாக்க, மறு கை அதற்கு வரி போட்டால், மக்கள் எதை எடுத்துக்கொள்வது?

ரிங்கிட்டைக் கேட்காதீர்கள், லிட்டரைக் கேளுங்கள்

இத்தகைய வரியைப் பற்றி முதலில் மனத்தில் எழும் கேள்வி, "எவ்வளவு வசூலானது?" என்பதே. ஆனால், அந்த எண் மட்டும் நம்மை ஏமாற்றிவிடும். மற்ற வரிகளில் வசூல் கூடினால் வெற்றி. இவ்வரியிலோ வசூல் கூடினால் மக்கள் இன்னும் அதிகமாகச் சீனி பானம் குடிக்கிறார்கள் என்றும் பொருள் கொள்ளலாம். நிறுவனங்கள் சீனியை 5 கிராமுக்குக் கீழே குறைத்தால் வசூல் குறையும். அதுவே வரியின் நோக்கம்.

ஆகவே, நிதியமைச்சிடம் கேட்க வேண்டியது இது: எல்லைக்கு மேல் எத்தனை லிட்டர் விற்பனைக்கு வந்தது, எல்லைக்குக் கீழே எத்தனை லிட்டர், ஆண்டுதோறும் இந்த விகிதம் எப்படி மாறியது?

அடுத்து, வசூலான பணம் எங்கே போனது? 2024-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், இவ்வரிப் பணம் நீரிழிவுச் சிகிச்சைக்கும் சிறுநீரகச் சுத்திகரிப்பு வசதிகளுக்கும் பயன்படும் என்று கூறப்பட்டது. அரசியலமைப்பின் 97-ஆவது பிரிவின்படி கூட்டரசின் வருமானம் பொதுவாக ஒருங்கிணைந்த நிதியில் சேர்கிறது. சேர்ந்த பணத்தில் எது சீனி வரி என்று அடையாளம் தெரியாது. எனவே, வசூல் தொகையையும் நீரிழிவுக்கென ஒதுக்கிய தொகையையும் ஒரே பதிலில் கேட்டால்தான் வாக்குறுதியைச் சரிபார்க்க முடியும்.

நோய்க் கணக்கைப் படிக்கும் முறை

சுகாதார அமைச்சு நடத்தும் தேசிய சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வு 1986-இல் தொடங்கியது. 2019 ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. 2023 ஆய்வில் அது 15.6 விழுக்காடு. வரி வந்தது, நோய் குறைந்தது என்று சொல்லிவிடலாமா?

உள்ளே சென்று பார்க்க வேண்டும். நோய் இருப்பதை ஏற்கெனவே அறிந்தவர்கள் 2019-இல் 9.4 விழுக்காடு, 2023-இல் 9.7 விழுக்காடு. தனக்கு நோய் இருப்பதை அறியாமல் ஆய்வின்போது கண்டறியப்பட்டவர்கள் 8.9-லிருந்து 5.9 விழுக்காடாகக் குறைந்தனர். ஆக, குறைந்த பகுதி முழுவதும் அறியாதோர் கணக்கில்தான். அதே காலத்தில் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள் 50.1-லிருந்து 54.4 விழுக்காடாக உயர்ந்தனர். இடையில் கோவிட் ஆண்டுகளும் வந்து போயின. நான்கே ஆண்டில் ஒரு வரி நீரிழிவைக் குறைத்தது என்று இந்த எண்களை வைத்து எவரும் உரிமை கொண்டாட முடியாது. வரி வீண் என்றும் சொல்ல முடியாது.

வயது வரம்பும் முக்கியம். 2006 ஆய்வில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் நீரிழிவு 11.6 விழுக்காடு, 30 வயதுக்கு மேற்பட்டோரில் 14.9 விழுக்காடு. ஒரே ஆய்வு, இரண்டு எண். எந்த வயதினர் என்று கேட்காமல் இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டால் கணக்கு தவறிவிடும்.

நமக்கு ஏன் இது?

2019 ஆய்வில் இந்தியர்களிடையே நீரிழிவு 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். நம் குடும்பப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து எண்ணிப் பார்த்தால் இந்த எண்ணின் கனம் புரியும். ஆனால், இவ்வரி பொட்டலமாகவும் டின்னாகவும் வரும் பானத்தின்மீதுதான் விழுகிறது. கடையில் ஆற்றித் தரும் தே தாரிக் இதில் சேராது. சிங்கப்பூரில் வரிக்குப் பதிலாக 'நியூட்ரி கிரேட்' தரமுத்திரை 2022 டிசம்பரில் பொட்டலப் பானங்களுக்கு வந்தது. 2023 டிசம்பரில் கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும் விரிந்தது. நம் அவையில் கேட்கத்தக்க மூன்றாவது கேள்வி இதுவே.

ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் விழுக்காடு கற்றோம். பிறகு தேசியப் பள்ளியில் அதையே மலாயில் கற்றோம். ஹன்சார்ட்டை மலாயில் படித்து, வீட்டில் அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் தமிழில் விளக்கக்கூடியவர்கள் நாம். 2021 டிசம்பரிலிருந்து 18 வயதிலேயே வாக்குரிமையும் நமக்கு வந்துவிட்டது. நம் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுவோம். "சீனி வரியால் என்ன பயன்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். எத்தனை லிட்டர், எவ்வளவு ஒதுக்கீடு, எந்த வயதினர் என்று கேட்போம். எண்ணைக் கேட்டால் எண்ணைத்தான் தர வேண்டியிருக்கும்.