பட்டையில் எழுதிய பெயர்
பெயர் தெரிவதற்குள் மரமே போய்விட்டால் அபூர்வ லைக்கனைக் காப்பாற்றுவது எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் மரப்பட்டைகள் மீது சாம்பல் நிறத் திட்டுகளைப் பார்க்கலாம். சிலவற்றின் மேல் யாரோ மைப்பேனாவால் கிறுக்கியதுபோல் கறுப்புக் கோடுகள். கறை என்று நினைத்து நடப்பவர்களே அதிகம். அது கிராபிஸ் குடும்பத்து லைக்கன். அந்தக் கோடுகளுக்குள்தான் அதன் வித்துகள் உருவாகின்றன.

பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனமே லைக்கன் என்று 1867-ல் சொன்னவர் சுவிஸ் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர். பிரியாணியில் போடும் கல்பாசியும் லைக்கன்தான். ஆனால் அது இலைபோல் இருக்கும், பிய்த்தெடுக்கலாம். பொருக்கு லைக்கனோ பட்டையோடு ஒட்டிப்போனது. உளியால் பட்டையையும் சேர்த்துச் சீவினால்தான் வரும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் 'கிராபிஸ் வகை' என்று சொல்லலாம். எந்த இனம் என்று சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விடுகிறார்கள். மஞ்சளாகிப் பிறகு ரத்தச் சிவப்பானால் நார்ஸ்டிக்டிக் அமிலம் இருப்பதற்கான அறிகுறி. அடுத்து, கறுப்புக் கோட்டை பிளேடால் மெல்லியதாக நறுக்கி மைக்ராஸ்கோப்பில் வைக்கிறார்கள். வித்து நிறமற்றதா, பழுப்பா? உள்ளே குறுக்குச் சுவர்கள் மட்டுமா, செங்கல் கட்டுமானம்போல் நெடுக்குச் சுவர்களும் உண்டா? அயோடின் பட்டால் ஊதா நிறமாகிறதா? கண்ணுக்கு இரட்டையர்களாகத் தெரிந்த இரு திட்டுகள் இங்கே வெவ்வேறு இனங்களாகப் பிரிந்துவிடும்.

இந்த வேலைக்கு இந்தியாவில் வழிகாட்டி நூல் தந்தவர் லக்னோ பல்கலைக்கழகப் பேராசிரியர் தரணி தர் அவஸ்தி (1922-2011). இந்தியா, நேபாளம், இலங்கையின் நுண் லைக்கன்களுக்கான அவரது நூல் 1991-ல் வெளியானது. அவர் சேகரித்த மாதிரிகள் லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தில் உள்ளன. பின்னர் வந்த டிஎன்ஏ ஆய்வுகள், வித்தை மட்டும் வைத்துப் பிரித்த பழைய பேரினங்களைக் கலைத்துப் போட்டன. பல உறைகளில் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று.

இந்தியாவில் 2,700-க்கும் அதிகமான லைக்கன் இனங்கள் பதிவாகியுள்ளன. சில இனங்களுக்கு ஒரே இடத்தில் எடுத்த ஒரே மாதிரிதான் சாட்சி. அவை உண்மையிலேயே அபூர்வமா, வேறெங்கும் யாரும் தேடவில்லையா? திரும்பப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கண்டெடுத்த திட்டு நாணய அளவே இருந்தால் இன்னொரு தர்மசங்கடம். வெட்டினால் பாதி போய்விடும். வெட்டாவிட்டால் பெயர் கிடைக்காது. பெயரில்லாத உயிருக்கு எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இடமில்லை. ஓரத்தில் சிறு துண்டு மட்டும் எடுத்து, மீதியை மரத்திலேயே விட்டுவருவதுதான் நல்ல வழக்கம்.

ஆனால் மரம் காத்திருப்பதில்லை. சாலைக்காகவோ மின்பாதைக்காகவோ காட்டைத் திறந்தால் வெயில் நுழைகிறது. நிழலும் ஈரமும் தேடும் இனங்கள் பட்டையிலேயே காய்ந்துபோகின்றன. ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே பரவும் பொருக்கு லைக்கன் இடம் மாறி ஓடவும் முடியாது. வெட்டிய மரத்துக்கு ஈடாக வேறிடத்தில் கன்று நட்டுக் கணக்கை நேர்செய்யலாம். அந்தக் கன்றின் பட்டையில் பழைய எழுத்து இருக்காது.