சாரல் காலத்தில் சிற்றாற்றங்கரை

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்தில் சாரல் காலமாகும். பேரருவியில் கூட்டம் நெருக்கும். அமைதியை நாடுவோர் விடியலில் சிற்றாற்றங்கரையோரம் காலாற நடப்பதே நலம். செண்பகாதேவி அருவி காட்டினுள் உள்ளது. வனத்துறையினர் அனுமதித்தாலன்றி அங்கே செல்லலாகாது.

கூடாரமடிப்போர் ஒன்றை அறிதல் வேண்டும். கீழே வெயிலடிக்கையிலும் மலைமேல் பெருமழை பெய்யக்கூடும். சரிவு செங்குத்தாதலால் அந்நீர் விரைவிலேயே அடிவாரத்தை எட்டிவிடும். 2024 மே 17-ஆம் நாள், சாரல் தொடங்குமுன்பே, பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டு சென்றது. ஆகவே ஆற்று மணலில் கூடாரம் வேண்டாம். மேட்டு நிலமே தக்கது. நீர் கலங்கிச் சருகு மிதந்து வரின் உடனே கரையேறுக.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கரையோரம் குப்பைக்குழி வெட்டி வைப்பார்களாக. சிற்றாறு வயல்களுக்குப் பாய்ந்த பின்னரே தாமிரபரணியில் கலக்கிறது. யாத்திரிகர் எறியும் எண்ணெய்ப் புட்டி முதலில் வந்து தங்குவது நம் மடைவாயில்தான்!