காலித் துப்பாக்கி

துப்பாக்கி விபத்துன்னா வெறும் கவனக்குறைவுன்னுதான் நானும் நினைச்சிட்டிருந்தேன். படிக்கப் படிக்க வேறொண்ணு கண்ணில் பட்டது. பல சம்பவங்களில் சுட்டவர் கவனமாகத்தான் இருந்திருக்கிறார். துப்பாக்கி காலி என்று நம்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

1978 ஜனவரியில் 'சிகாகோ' இசைக்குழுவின் கிதார் கலைஞர் டெர்ரி காத் இறந்தது இப்படித்தான். மேகசின் எனும் தோட்டாக்கூட்டைக் கழற்றி, காலிதான் பாருன்னு நண்பருக்குக் காட்டியிருக்கிறார். ஆனால் ஒரு தோட்டா ஏற்கெனவே கூட்டிலிருந்து ஏறி, குழலின் அடியில் இருக்கும் சேம்பரில் உட்கார்ந்திருந்தது. கூட்டைக் கழற்றினால் அது வெளியே வராது. அதனால்தான் முதலில் கூட்டைக் கழற்று, பிறகு மேல்பகுதியை இழுத்து சேம்பரைக் கண்ணால் பார் என்று வரிசை வைத்திருக்கிறார்கள். வரிசையை மாற்றிச் செய்தால் இழுக்கிற இழுப்பிலேயே கூட்டிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும்.

சரி, சினிமாவில் சுடுவது பிளாங்க் தானே, ரவையே கிடையாதே? ரவை இல்லை, வெடிமருந்து இருக்கிறது. 1984-இல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற 26 வயது நடிகர் படப்பிடிப்பு இடைவெளியில் விளையாட்டாக பிளாங்க் போட்ட துப்பாக்கியை நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். வெடித்த வேகம் மண்டையோட்டின் ஒரு துண்டைப் பெயர்த்து மூளைக்குள் தள்ளியது. அறுவை சிகிச்சை செய்தும் ஆறு நாளில் மூளைச்சாவு. அவருடைய இதயம் இன்னொருவருக்குப் பொருத்தப்பட்டது.

புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ கதைதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. 1993, வட கரோலினாவில் 'தி குரோ' படப்பிடிப்பு. குளோசப் காட்சிக்கு நிஜம் போலத் தெரியும் டம்மி தோட்டாக்கள் வேண்டும். நிஜத் தோட்டாக்களைப் பிரித்து மருந்தைக் கொட்டிவிட்டு, ரவையைத் திரும்பச் செருகினார்கள். அடியில் இருக்கும் பிரைமரை (தீப்பொறி தரும் சின்ன மூடி) எடுக்கவில்லை. யாரோ ஒரு தடவை ட்ரிகரை அழுத்த, பிரைமரின் சின்ன வெடிப்பு ரவையைக் குழலுக்குள் தள்ளி அங்கேயே சிக்க வைத்துவிட்டது. பிறகு அதே துப்பாக்கியில் பிளாங்க் போட்டார்கள். பிளாங்கில் மருந்து, குழலில் ரவை. இரண்டும் சேர்ந்தால் முழுத் தோட்டா! காட்சிப்படி சுட்டார்கள், வயிற்றில் பாய்ந்தது. மணிக்கணக்கில் அறுவை சிகிச்சை செய்தும் காப்பாற்ற முடியவில்லை. வயது 28. குழலுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

காயம் பட்டால் என்ன செய்வது? நம்ம படங்களில் கத்தியைச் சுடவைத்து குண்டை நோண்டி எடுத்து, தட்டில் 'டிங்'னு போட்டதும் ஆள் பிழைச்சுக்குவார். நிஜத்தில் உயிரை எடுப்பது முதலில் ரத்தப்போக்குதான், உள்ளே இருக்கும் ஈயத்துண்டு இல்லை. நோண்டினால் ரத்தம் இன்னும்தான் போகும். ஆபத்தில்லாத இடத்தில் நின்றுவிட்ட குண்டை டாக்டர்களே பல நேரம் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மூட்டுக்குள் இருந்தால் மட்டும் எடுத்தாக வேண்டும். மூட்டு நீரில் ஈயம் மெல்லக் கரைந்து விஷமாகும்.

கை காலில் என்றால் சுத்தமான துணியை வைத்து, உடம்பு எடையெல்லாம் போட்டு அழுத்துங்க. நிற்கலைன்னா காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறிச்சு வைங்க. நெஞ்சு, வயிறு என்றால் வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது. குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடணும். நுழைந்த ஓட்டை சின்னதா இருக்கேன்னு ஏமாறாதீங்க, உள்ளே கிழிந்தது வெளியே தெரியாது. போலீஸ் கேஸ்னு பயந்து தாமதிக்கவும் வேண்டாம். போலீசுக்குத் தகவல் போகும்தான், ஆனால் சிகிச்சை அதற்காகக் காத்திருக்கக் கூடாது என்று 1989-லேயே, பரமானந்த் கட்டாரா வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தடுப்பதற்கு, பிள்ளைகளிடம் 'தொடாதே'ன்னு சொல்லி வைத்தால் போதாதா? 2001-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 8 முதல் 12 வயது வரை 64 பையன்களை, இரண்டு மூன்று பேராக 29 குழுக்களாக்கி, ஒரு அறையில் விட்டார்கள். இழுப்பறையில் சுட முடியாதபடி செய்த நிஜக் கைத்துப்பாக்கி. 21 குழுக்கள் கண்டுபிடித்தன, 16 குழுக்கள் கையில் எடுத்தன, 10 குழுக்களில் யாராவது ட்ரிகரை அழுத்திவிட்டார்கள். கண்டுபிடித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது பொம்மையா நிஜமா என்றே தெரியவில்லை. எடுத்த பையன்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், துப்பாக்கியைப் பற்றி யாரோ ஏற்கெனவே புத்தி சொல்லியிருந்தார்கள்.

அதனால்தான் குழந்தை மருத்துவர்கள் அறிவுரையை விடப் பூட்டை நம்புகிறார்கள். துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா வேறொரு பெட்டியில், இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு, சாவி பெரியவர் கையில்.