கேற்றடிப் போனும் அதை எடுப்பவரும்

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் இரவு பதினொரு மணிக்கு விடுதி மாணவி ஒருத்தி மயங்கி விழுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அறைத்தோழி முதலில் இன்னொரு தோழியைக் கூப்பிடுவாள். பிறகு மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் சீனியர் அண்ணா ஒருவரை. வார்டனுக்கும் கேற்றடிக்கும் கடைசியில்தான் அழைப்புப் போகும். கேற்றடியில் போனை எடுக்கும் செக்கியூரிட்டி ஐயாவிடம் அந்த நேரத்தில் இருப்பது ஒரு நாற்காலி, ஒரு பதிவுப் புத்தகம், கையில் ஒரு ரோர்ச்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். டிஸ்பாச்சர் என்று பெயர். அழைப்பை எடுப்பது, இடத்தைத் தெளிவாக்குவது, அம்புலன்ஸையோ பொலிஸையோ அனுப்புவது, வண்டி வரும்வரை அழைத்தவரோடு பேசிக்கொண்டிருப்பது அவருடைய வேலை. எங்கள் வளாகங்களில் இந்தப் பதவிப் பெயரைக் காண்பது அரிது. ஆனால் வேலை இருக்கிறது, அதைச் செய்கிற ஆளும் இருக்கிறார். பெயரில்லாத வேலைக்குப் பயிற்சியும் கிடைப்பதில்லை, பாதுகாப்பும் கிடைப்பதில்லை. பிழை நடந்தால் பழி மட்டும் தவறாமல் வந்து சேரும்.

முதல் ஆபத்து இடத்தைச் சொல்வதில் இருக்கிறது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான நிறுவனம் இன்று ஓரிடத்தில் இல்லை. பிரதான வளாகம் செங்கலடிக்குப் பக்கத்தில் வந்தாறுமூலையில். சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கல்லடியில். மருத்துவ மாணவர்கள் நகரத்துப் பக்கம். திருகோணமலையில் இன்னொரு வளாகம். போதாததற்குப் புணானையில் 'பட்டிக்கலோ கம்பஸ்' என்ற பெயரிலேயே வேறொரு கட்டடத் தொகுதி. 1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் அழைப்புகளை எடுப்பவர்கள் கொழும்பை அண்டிய நிலையத்தில் இருக்கிறார்கள். பதற்றத்தில் நாம் "மட்டக்களப்பு கம்பஸுக்கு உடனே வாங்க" என்றால் அவர்கள் எந்தக் கம்பஸ் என்று எடுப்பார்கள்?

ஆகவே வாயைத் திறந்ததும் ஊரைச் சொல்லுங்கள்: "வந்தாறுமூலை, செங்கலடி, திருகோணமலை வீதி, கிழக்குப் பல்கலைக்கழகம்." அடுத்து எந்த வாசல், எந்த விடுதி, எத்தனையாம் மாடி. நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்பது அதற்குப் பிறகு. உங்கள் இலக்கத்தைக் கொடுங்கள். "வையுங்கள்" என்று எதிர்முனையில் சொல்லும்வரை வைக்காதீர்கள். கேற்றடிக்கும் அறிவியுங்கள். வெளியிலிருந்து வரும் வண்டிக்கு உள்வீதி தெரியாது, ஒருவர் வாசலில் நின்று கூட்டிவர வேண்டும். 1990 சேவை இலவசம். 2016இல் இந்திய நன்கொடையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி நாடு முழுவதும் விரிந்தது. காசு கேட்பார்களோ என்று பயந்து ஓட்டோ தேட வேண்டியதில்லை.

வண்டி வரும்வரையான நிமிடங்களில் போனில் இருப்பவர் சொல்லும் சொல்தான் வைத்தியம். மயங்கியவர் மூச்சு விடுகிறாரா? பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, சுமார் ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். வாவியில் மூழ்கியவருக்கு அழுத்தம் மட்டும் போதாது, பழகியவர் இருந்தால் வாயோடு வாய் வைத்து மூச்சும் கொடுக்க வேண்டும். பாம்புக் கடிக்குக் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம், ஆளை அசையாமல் வைத்திருந்தால் சரி. மாத்திரையோ பூச்சிமருந்தோ விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போத்தலையும் மட்டையையும் கூடவே அனுப்புங்கள். கேற்றடி மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு தாளில் அடங்கக்கூடிய விடயங்கள் இவை. இந்தத் தாளை ஒட்டுவதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை.

இன்னொரு வகை அழைப்பும் வரும். "அண்ணா, அங்க ஜூனியர் பிள்ளையள வச்சு அடிக்கிறாங்க." இதைக் 'கம்பஸ் பகிடி' என்று எடுத்துக்கொண்டு போனை வைப்பது குற்றத்துக்குத் துணை போவதுதான். பேராதனைப் பொறியியல் மாணவன் செல்வநாயகம் வரப்பிரகாஷ் 1997இல் பகிடிவதைக்குப் பின் உயிரிழந்தார். அடுத்த ஆண்டே பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதையின்போது பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ ஏற்படுத்தினால் பத்து வருடம் வரை சிறை செல்ல நேரிடலாம். அழைப்பை எடுப்பவர் செய்ய வேண்டியது பொலிஸின் 119க்கு அறிவிப்பதும் நேரத்தை எழுதுவதும். விசாரித்துச் சமாதானம் பேசி வைப்பது அவர் வேலை இல்லை. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரையும் சிசிரிவி காட்சியையும் வட்ஸ்அப் குழுவில் போடாமலிருப்பதும் அவர் கடமை. இதில் பலர் தவறுகிறார்கள்.

எச்சரிக்கை தாமதித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் வேர்ஜீனியா ரெக் பல்கலைக்கழகம் ஒன்று போதும். 2007 ஏப்ரல் 16 காலை ஏழேகால் மணியளவில் அங்கே முதல் துப்பாக்கிச் சூடு. மாணவர்களுக்கு மின்னஞ்சல் போனது 9.26க்கு. சிறிது நேரத்தில் அதே ஆள் வகுப்பறைக் கட்டடத்துக்குள் புகுந்தான். அன்று கொல்லப்பட்டவர்கள் மொத்தம் 32 பேர். எங்களுக்கு அந்த ஆபத்து இல்லை என்று சொல்லலாம். 1978 சூறாவளியையும் 2004 சுனாமியையும் பார்த்த கரையில் இருந்துகொண்டு, எச்சரிக்கை தேவையில்லை என்று மட்டும் சொல்ல முடியாது. கல்லடியில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி அந்த நாற்காலியில் இருப்பவர் பக்கம். அவரைக் காப்பாற்றும் முதல் ஆயுதம் பதிவுப் புத்தகம். "23.07 அழைப்பு. 23.09 1990க்கு அறிவித்தேன். 23.10 வார்டனுக்கு. 23.31 வண்டி உள்ளே." இந்த நான்கு வரி இருந்தால் நாளை விசாரணைக் குழு முன் அவர் தலைநிமிர்ந்து நிற்கலாம். இல்லையென்றால் வண்டி பிந்தியதற்கும் அவர்தான் காரணமாவார். அடுத்த நாள் காலை நினைவிலிருந்து எழுதுவது உதவாது, அப்போதே எழுத வேண்டும்.

அவர் தனியார் கம்பனி மூலம் வந்தவரென்றால், பாதுகாப்புச் சேவைக்கென ஊதியச் சபை இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் சம்பளத்திலிருந்து 8 வீதமும் கம்பனியிடமிருந்து 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி மேலும் 3 வீதமும் கட்ட வேண்டும். மேலதிக நேரத்துக்குக் கொடுப்பனவு உண்டு. சம்பளத் துண்டில் இவை தெரியவில்லையென்றால் மட்டக்களப்புத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். கடமையில் காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. நிரந்தர ஊழியர் மீது அநியாயமாக ஒழுக்காற்று நடவடிக்கை எடுத்தால் பல்கலைக்கழகச் சேவைகள் மேன்முறையீட்டுச் சபைக்குப் போகலாம். மரண ஓலத்தைக் கேட்ட இரவுக்குப் பிறகு தூக்கம் வராமல் தவிப்பதற்கு எந்தச் சட்டமும் நட்டஈடு தராது. 1926 என்ற மனநல இலக்கம் மாணவருக்கு மட்டுமல்ல, அவருக்கும் உரியதுதான்.

உதவி மறுக்கப்பட்ட மாணவர் முதலில் பதிவாளருக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. "முதலில் பேசிப் பார்ப்போம்" என்று சொல்லிச் சொல்லியே பலர் இந்த ஒரு மாதத்தை இழந்துவிடுகிறார்கள்.

எதுவும் நடக்குமுன்னரே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பல்கலைக்கழகம் ஒரு பகிரங்க அதிகார சபை. சாதாரணமாக 14 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும், உயிரோடும் தனிநபர் சுதந்திரத்தோடும் தொடர்புடைய தகவலென்றால் 48 மணித்தியாலத்துக்குள். மாணவர் ஒன்றியங்கள் இந்த வாரமே தகவல் அலுவலருக்கு மூன்று கேள்விகளை எழுதி அனுப்பட்டும்: இரவில் அவசர அழைப்பை எடுக்கப் பொறுப்பானவர் யார்? அவருக்குக் கடைசியாக எப்போது முதலுதவிப் பயிற்சி கொடுக்கப்பட்டது? எச்சரிக்கையை விடுதிகளுக்கு அறிவிக்கும் எழுத்து மூலமான ஏற்பாடு எங்கே?