மூளையின் கொழுப்பும் மனநோயும்

கொழுப்பு என்றவுடன் உடற்பருமனே பலருக்கு நினைவில் எழும். ஆயினும் நம் மூளையின் உலர்ந்த எடையில் பாதிக்கு மேற்பட்டது கொழுப்பேயாகும். அதில் ஒமேகா-3 என்னும் இனம் நரம்பணுக்களின் மெல்லிய உறைக்கு இன்றியமையாதது. அதன் மூல அமிலத்தை உடல் தானே ஆக்கிக்கொள்ளாது. உணவின் வழியே வர வேண்டும்.

திண்டுக்கல் சமவெளியில் விளையும் நிலக்கடலையின் எண்ணெய் நல்ல உணவுதான். ஆனால் இவ்வமிலம் அதில் இல்லையென்றே சொல்லலாம். கடற்கரையிலிருந்து சந்தைக்கு வரும் மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் அது மிகுதி. விலை மலிந்த மீனென்று அவற்றை இகழ்வது அறியாமை. புலால் உண்ணாதார்க்கு ஆளிவிதை உண்டு; எனினும் அதிலுள்ளதில் சிறு பகுதியே மூளைக்கு வேண்டிய வடிவமாக மாறுகிறது.

இதனால் மனநோயைத் தடுக்க இயலுமா? மனப்பிறழ்வு நோய் வரக்கூடுமென அஞ்சப்பட்ட 81 இளைஞரை வியன்னா நகர மருத்துவர்கள் ஆராய்ந்து, 2010-இல் முடிவை வெளியிட்டனர். 12 வாரம் மீன் எண்ணெய் உட்கொண்ட 41 பேரில் இருவரும், உட்கொள்ளாத 40 பேரில் 11 பேரும் ஓராண்டிற்குள் நோயுற்றனர். உலகமே வியந்தது! ஆனால் பல நாடுகளில் 304 பேரிடம் நடத்தப்பெற்று 2017-இல் வெளியான சோதனையில் அப்பயன் காணப்படவில்லை. மனச்சோர்வில் மருந்துக்குச் சிறிது துணையாகலாம் என்பதற்கு மட்டும் ஓரளவு சான்று உண்டு.

ஆதலின் எண்ணெய்க் குளிகையை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துதல் ஆபத்தாகும். நோயாளியைச் சங்கிலியிற் பிணைப்பதோ கொடுமை. 2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடித் தீயில் 28 பேர் மாண்டது அவ்வாறே. அரசின் டெலிமானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இவ்வெண்ணை அலுவலகச் சுவரில் எழுதிவைப்பார்களாக.