மோட்டார்க் காரின் பின்கண்ணாடியைக் கழற்றும் முறை

பழைய மோட்டார்க் கார்களின் பின்கண்ணாடி ஓர் இறப்பர்ப் பட்டையின் பள்ளத்தினுள் பொருந்தியிருந்தது. பட்டையின் விளிம்பை நெகிழ்த்தினால் கண்ணாடி பழுதின்றி வெளிவரும். இக்காலத்துக் கார்கள் பலவற்றில் அப்பட்டை இல்லை. பொலியூரிதேன் என்னும் பசை, கண்ணாடியையும் காரின் உடலையும் இறுகப் பிணைத்துவிடுகின்றது. மழைநீர் உட்புகாமைக்கும் உடலின் உறுதிக்கும் இது நன்று. ஆயினும், சட்டத்திற் படிந்த துருவை நீக்கவோ நெளிந்த தகட்டைத் திருத்தவோ கண்ணாடியைக் கழற்ற நேரும்போது இடர் தோன்றுகின்றது. உற்பத்தி நின்றுபோன காராயின், உடைந்த கண்ணாடிக்கு மாற்றுக் கிடைப்பதே அரிது.

முதலில் இக்கண்ணாடியின் இயல்பை அறிதல் வேண்டும். முன்கண்ணாடி, இரு தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் படலம் வைத்து ஆக்கப்படுவது. வெடித்தாலும் சிதறாது நிற்கும். பின்கண்ணாடி பெரும்பாலும் அத்தகையதன்று. அதனை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றை விசையுடன் வீசிச் சடுதியாகக் குளிர்விக்கின்றனர். புறம் முதலில் இறுகிவிட, அகம் பின்னர் குளிர்ந்து சுருங்க முயல்கின்றது. அதனால் புறம் அமுக்கத்திலும் அகம் இழுவையிலும் என்றும் நிற்கின்றன.

இளவரசர் ரூப்பேட் இங்கிலாந்துக்குக் கொண்டுவர, 1661 இல் இலண்டன் வேத்தியற் கழகத்தார் ஆராய்ந்த கண்ணாடித் துளிகளும் இவ்வியல்பினவே. அத்துளியின் தலை சுத்தியலடியையும் தாங்கும். மெல்லிய வாலை ஒடித்தாலோ துளி முழுவதும் தூளாகும். பின்கண்ணாடிக்கு அதன் ஓரமே வால் எனலாம். நெம்புகோலின் முனை ஓரத்திற் சிறிது அழுந்தினும், கண்ணாடி முழுவதும் நொடிப்பொழுதிற் சிறு துண்டுகளாய்ச் சிதறும். ஆகவே நெம்புதல் கூடாது. பசையை அறுத்தலே தக்க முறையாகும்.

வேலை தொடங்குமுன் கண்காப்பும் தடித்த கையுறையும் அணிதல் அவசியம். கண்ணாடியிற் பதிந்துள்ள வெப்பக் கோடுகளின் மின்னிணைப்பைக் கழற்றி, உட்புற அலங்காரப் பட்டைகளை நீக்கி, சூழவுள்ள வண்ணப்பூச்சை ஒட்டுநாடாவால் மூடுதல் வேண்டும். பின்னர் குத்தூசியாற் பசையைத் துளைத்து, முறுக்கிய உருக்குக் கம்பியொன்றை அதனூடே செலுத்தி, இரு முனைகளிலும் கைபிடி பூட்டுவர். ஒருவர் காரினுள்ளும் மற்றவர் வெளியேயும் நின்று, மரம் அரிவோர் வாளை இழுப்பதுபோல மாறிமாறி இழுத்தால் பசை அறுபடும். விரைந்து இழுத்தால் கம்பி சூடேறி அறுந்துபோம். மூலைகளில் மேலும் பொறுமை வேண்டும். கம்பி முன்னேறாத இடத்தில், பொருத்துமுளை ஏதும் தடுக்கின்றதா என்று பார்த்தல் நன்று.

பசை முற்றாக அறுபடுமுன்னரே உறிஞ்சுபிடிகளாற் கண்ணாடியைத் தாங்கிக்கொள்ள வேண்டும். இருவர் சேர்ந்து தூக்கி, மடித்த கம்பளத்தின்மீது வைப்பதே பாதுகாப்பாகும். வெறுஞ் சீமெந்துத் தரையில் ஓரம் படுதல் ஆகாது.

சட்டத்தில் எஞ்சிய பசையை அடியோடு சுரண்டுதல் தவறு. ஒன்றிரண்டு மில்லிமீற்றர்த் தடிப்பில் விட்டால் புதிய பசைக்கு அதுவே நல்ல தளமாகும். கம்பி கீறிய இடத்தில் உலோகம் தெரிந்தால் உடனே துருத்தடைப் பூச்சு இடுதல் வேண்டும். கடற்காற்று வீசும் ஊர்களில் அச்சிறு கீறலே நாளடைவிற் பெருந் துருவாகி, புதிய பசையின் பிடிப்பையும் கெடுத்துவிடும்.